வேதநாயக சாஸ்திரியாருக்குப் படியளந்தது அரண்மனையா, சபையா?

மானம்புச்சாவடிப் பேத்தி:
பாட்டி தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் பிறந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் அரிசி புடைக்கும்போது வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி பாடுவார், குறத்தி குறி சொல்லும் பாட்டு நாடகம் அது. முறத்தைத் தட்டுவதுதான் தாளம். போன மாதம் அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டை போய், தையல் விட்டு, பாட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ராகம் குறித்திருக்கிறது. முதல் பக்கத்தில் பாட்டியின் கையெழுத்தில் "சரபோஜி மகாராஜா சமஸ்தானக் கவி" என்று இருக்கிறது. இயேசுவைப் பாடிய மனிதரைப் பெரிய கோயில் ராஜா எதற்காகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்? சபை அவருக்குச் சோறு போடவில்லையா? வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர்தானே? அவர் எங்கள் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். அவருக்கு அரண்மனைச் சம்பளம் எதற்கு?

பழைய ஏடு:
அவர் வேறு ஐயா. முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், 1826இல் பிறந்தவர். பாட்டி பாடியது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டு. 1774இல் நெல்லைச் சீமையில் பிறந்து 1864இல் காலமானவர்.

சிறு பையனாக இருந்தவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தவர் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர். தஞ்சை மராத்திய இளவரசர் சரபோஜிக்கும் அவர்தான் காப்பாளர். பையன்கள் இருவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். அதனால் இது சம்பளத்துக்கு வெகுகாலம் முந்திய உறவு.

ஐயர் 1798இல் இறந்தார். சாஸ்திரியார் மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தார். பின்னால் வந்த மிஷனரிகளோடுதான் அவருக்கு முட்டிக்கொண்டது. அவர்கள் செய்த கொடுமைகள் நாலு என்று எழுதியே வைத்தார்: வேதப் புத்தகத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றியது, சபையில் சாதிகளை ஒன்றாக்கியது, கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது என்றது, தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விலக்கியது.

இதில் சாதி விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குங்கள் என்று மிஷனரிகள் சொன்னது நியாயம். சாஸ்திரியார் வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்காக வாதாடினார். பாட்டு பிடிக்கும் என்பதற்காக நாம் அதை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் பாட்டை விலக்கியது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. கும்மியும் ஏத்தப்பாட்டும் நொண்டி நாடகமும் சனங்களின் வாயில் இருந்தவை. அவற்றில்தான் அவர் வேதத்தை வைத்துக் கொடுத்தார். அதையே வாசலுக்கு வெளியே நிறுத்தினால் அவருக்கு என்ன மிச்சம்?

1829இல் பள்ளி வேலை போயிற்று. சரபோஜி அவரை அரண்மனைக் கவியாக எடுத்துக்கொண்டார். பழைய சிநேகம் ஒரு காரணம். இன்னொன்று உங்கள் கையிலுள்ள புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் குறவஞ்சிக்குள் கோபர்நிகஸ் சொன்ன கிரக மண்டலமும் உலக நாடுகளும் வருகின்றன. சரபோஜி பெயரில் மராத்தியில் ஒரு தேவேந்திரக் குறவஞ்சி உண்டு. அதில் குறத்தி இந்திராணிக்குப் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறாள்! இரண்டு பேருக்கும் ஒரே படிப்புப் பைத்தியம்.

பெரிய கோயில் பெருவுடையார் மேல் ஒரு குறவஞ்சி பாடித் தரும்படி ராஜா கேட்டதாகவும் இவர் தயங்கியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. ராஜாவையே பாட்டுடைத் தலைவனாக்கிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடியவர் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர். ஒரே ராஜாவின் காலம், இரண்டு குறவஞ்சிகள். ஒன்றில் தலைவன் ராஜா, மற்றதில் இயேசு.

காவிரிக்கரை:
பெயரில் குழம்பிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. எங்கள் ஊர் முன்சீப் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்து வித்வான், அசல் சைவர். அவர் இந்தக் கத்தோலிக்க முன்சீப் மேல் குளத்தூர்க் கோவை என்ற நூலையே பாடினார். முன்சீப்போ ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து பாடல்கள் எழுதினார். மடமும் மாதாகோவிலும் அந்தக் காலத்தில் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன.

மானம்புச்சாவடிப் பேத்தி:
பழைய ஏடு ஐயாவுக்கு ரொம்ப நன்றி. சாதி விஷயத்தை எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட வாய் திறந்து சொன்னதில்லை. தெரிந்தது நல்லது, மனசு கனத்தாலும்.

கிரகங்கள் வரும் பகுதியைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பாட்டி பென்சிலால் "மெதுவாக" என்று எழுதியிருக்கிறார். அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். சூரியன் நிற்கிறது, பூமிதான் சுற்றுகிறது என்று எனக்கு முதலில் சொன்னது அவர்தான், நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே. எங்கிருந்து கற்றார் என்று இப்போதுதான் புரிகிறது.

புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை. முழுப் பதிப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து நகல் எடுத்துக்கொள்கிறேன்.