கனடாவில் பொக்லைன் ஓட்ட வருபவர்களுக்கு: ஏறும் முன் பேட்டர்ன் என்ன என்று கேளுங்கள்

போன வாரம் பிராம்ப்டனில் இருந்து ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணே, சங்ககிரிப் பக்கம் ஒன்பது வருசம் செயின் வண்டி ஓட்டியிருக்கேன். இங்க ஒரு யார்டுல சோதனைக்கு ஏத்துனாங்க. பூமைத் தூக்குனா ஆர்ம் உள்ள வருது, ஆர்மை இழுத்தா பூம் மேல போகுது. வண்டி ரிப்பேர்னு சொன்னேன். சிரிச்சுட்டு இறக்கி விட்டுட்டாங்க."

வண்டியில் கோளாறு இல்லை. அவன் கையிலும் இல்லை. (பூம் என்பது கேபினை ஒட்டிய பெரிய கை, ஆர்ம் என்பது அதன் நுனியில் பக்கெட்டைத் தாங்கும் சிறிய கை.) இதே கேள்வி வருடத்துக்கு நாலைந்து பேரிடமிருந்து வருகிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஊரில் செயின் வண்டி என்றோ பொக்லைன் என்றோ ஹிட்டாச்சி என்றோ சொன்னவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் பெக்கோ என்று சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இங்கே எக்ஸ்கவேட்டரில் லீவர் அமைப்பு இரண்டு வகை. அதைத்தான் பேட்டர்ன் என்கிறார்கள். ஒன்று ஐஎஸ்ஓ, இன்னொன்று எஸ்ஏஇ; இரண்டும் தரநிலை வகுக்கும் அமைப்புகளின் பெயர்கள். நம் ஊரில் ஹிட்டாச்சி, கோமாட்சு ஓட்டியவர்கள் பெரும்பாலும் பழகியது ஐஎஸ்ஓ. எஸ்ஏஇ வட அமெரிக்காவில் பேக்ஹோ (ஜேசிபி மாதிரி, பின்னால் தோண்டும் கை உள்ள டயர் வண்டி) ஓட்டிப் பழகிய தலைமுறையின் கை. அவர்களில் பலர் பிறகு செயின் வண்டிக்கு மாறியபோதும் அதே அமைப்பைத்தான் கேட்டார்கள். சைட்டில் யாரும் ஐஎஸ்ஓ, எஸ்ஏஇ என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஐஎஸ்ஓவை கேட் (கேட்டர்பில்லர் கம்பெனி) பேட்டர்ன், எக்ஸ்கவேட்டர் பேட்டர்ன் என்பார்கள். எஸ்ஏஇயை டீர் பேட்டர்ன், பேக்ஹோ பேட்டர்ன் என்பார்கள். பெயரை நம்பி, ஜான் டீர் வண்டி என்றாலே எஸ்ஏஇதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மஞ்சள் பெயின்ட் யாருடையது என்பதற்கும் உள்ளே எந்தப் பேட்டர்ன் ஓடுகிறது என்பதற்கும் சம்பந்தமே இருக்காது.

வித்தியாசம் என்னவென்று பார்ப்போம். இடது லீவரை இடம் வலமாக அசைத்தால் ஸ்விங், அதாவது வண்டியின் மேல்பகுதி சுற்றும். வலது லீவரை அப்படி அசைத்தால் பக்கெட் சுருளும், விரியும். இது இரண்டு பேட்டர்னிலும் ஒன்றுதான். முன்னும் பின்னும் அசைப்பதில்தான் வம்பு. ஐஎஸ்ஓவில் இடது கையில் ஆர்ம், வலது கையில் பூம். எஸ்ஏஇயில் இடது கையில் பூம், வலது கையில் ஆர்ம். இழுத்தால் பூம் மேலே, ஆர்ம் உள்ளே. தள்ளினால் பூம் கீழே, ஆர்ம் வெளியே. அதுகூட மாறவில்லை. மொத்தம் நான்கு வேலையில் இரண்டு மட்டும் கை மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். முழுக்க வேறாக இருந்தால் புது வண்டி என்று முதலிலிருந்து கற்றுக்கொண்டு போய்விடலாம். பாதி சரியாக வேலை செய்வதால்தான் கை ஏமாந்து போகிறது.

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஸ்கார்பரோவில் ஒரு குடியிருப்புத் தெருவில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுத்தோம். எட்டு டன் வண்டி. ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே கை மாறியிருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் ஓட்டத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். ஊரில் பதினோரு வருடம் ஓட்டியவன் என்ற கௌரவம் வேறு. ஒவ்வொரு அசைவையும் மனதுக்குள் சொல்லிச் சொல்லி, காலை பதினொரு மணி வரைக்கும் சமாளித்தேன்.

அப்புறம் மண் ஏற்ற லாரி வந்தது. நிறைந்த பக்கெட்டோடு பாதி திரும்பியிருந்தேன். ஆர்ம் நன்றாக வெளியே நீண்டிருந்தது, பக்கெட் நடைபாதை ஓரத்துக் கான்கிரீட்டுக்கு ஒரு முழம் மேலே. லாரிக்காரர் எதற்கோ ஹாரன் அடித்தார். திடுக்கிட்டு, பக்கெட்டை உயர்த்தலாம் என்று வலது கையை இழுத்தேன். என் கைக்கு அது பூம். அந்த வண்டிக்கு அது ஆர்ம். நீண்டிருக்கிற ஆர்மை உள்ளே இழுத்தால் பக்கெட் முதலில் கீழே இறங்கித்தான் வரும். இறங்கியது. பல் மாட்டிக்கொண்டு கான்கிரீட் விளிம்பு ஒரு கை நீளத்துக்குப் பெயர்ந்து வந்தது. பக்கத்தில் ஆள் இல்லை என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

ஃபோர்மேன் வந்தார். கத்தவில்லை. "நீ எந்தப் பேட்டர்ன் ஓட்டுவாய்?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பதினோரு வருடமாகக் கை செய்கிற வேலைக்கு ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்றில் இரண்டு கையையும் வைத்து, இப்படி இழுத்தால் இது, இப்படித் தள்ளினால் அது என்று நடித்துக் காட்டினேன். அவர் இஞ்சினை அணைக்கச் சொல்லி, ஒரு மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னக் கைப்பிடியை மறுபக்கம் திருப்பி மூடினார். ஒரு நிமிட வேலை. அதற்காக நான் நான்கு மணி நேரம் வியர்த்திருக்கிறேன்.

அந்தக் கைப்பிடிதான் பேட்டர்ன் மாற்றும் வால்வு. பல வண்டிகளில் இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. சிலவற்றில் சீட்டுக்குப் பின்னால், சிறிய வண்டிகளில் கால்மிதிக்குக் கீழே, இன்னும் சிலவற்றில் பக்கவாட்டு மூடிக்குள். புது வண்டிகள் சிலவற்றில் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். நீங்களாகத் தேடிப் பிடித்துத் திருப்பாதீர்கள், ஃபோர்மேனைக் கேட்டுச் செய்யுங்கள். மாற்றினால் அடுத்து ஏறுகிறவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். கேபினில் பேட்டர்னைக் காட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனால் கைப்பிடியைத் திருப்பியவர் ஸ்டிக்கரையும் மாற்றினாரா என்பது யாருக்குத் தெரியும்? நான் ஒரு வெள்ளிக்கிழமை ஐஎஸ்ஓவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலை முப்பது வருடமாக டீர் பேட்டர்ன் ஓட்டுகிற பெரியவர் ஏறியிருக்கிறார். அவர் நல்லவேளையாக முதலில் மெல்லத் தொட்டுப் பார்க்கிற பழக்கமுள்ளவர். எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். எந்த வண்டியானாலும், நேற்று நானே ஓட்டியதானாலும், ஏறியதும் பெல்ட் போட்டு, சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்து, லீவர்களைப் பூட்டி வைக்கும் லாக் லீவரை விடுவித்து, இஞ்சின் வேகத்தைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு லீவரையும் ஒரு விரல் அளவுக்கு அசைத்துப் பார்ப்பேன். அரை நிமிடம் ஆகும்.

மாற்ற முடியாத வண்டி வந்தால்? கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இது என் அனுபவத்தில் கண்ட வழி. முதல் இரண்டு நாள் ஒரு நேரத்தில் ஒரே அசைவு. நம் ஆட்கள் பூம், ஆர்ம், ஸ்விங் மூன்றையும் சேர்த்து ஒரே வீச்சில் கொண்டுவருவதில் கெட்டிக்காரர்கள், அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். லாரி ஏற்றுவது, குழாய்ப் பக்கம் தோண்டுவது வேண்டாம், திறந்த இடத்தில் மண்ணைக் குவிக்கும் வேலை கேளுங்கள். இரவு வீட்டில் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, "இடது பூம், வலது ஆர்ம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அசைத்துப் பாருங்கள். என் மனைவி முதலில் பயந்துவிட்டாள், பிறகு பழகிவிட்டது. எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் பழைய பேட்டர்னைத் தொடவே இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கலந்து ஓட்டிய நண்பன் இரண்டு மாதம் திணறினான்.

பழகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒன்றை நினைவில் வையுங்கள். நிதானமாக இருக்கும்வரை புதுக் கை ஓட்டும், பதறினால் பழைய கைதான் முந்திக்கொண்டு வரும். பதறும்போது கை எதையும் இழுக்காமல் இரண்டு லீவரையும் விட்டுவிடப் பழக்குங்கள். விட்டால் லீவர் நடுவுக்கு வந்துவிடும், வண்டி நிற்கும்.

ஜேசிபி மட்டும் ஓட்டியவர்கள் கேட்கிறார்கள். உங்களுக்கு இன்னொரு சிக்கல். ஜேசிபி பேக்ஹோவிலேயே பிளஸ், எக்ஸ் என்று இரண்டு அமைப்பு உண்டு. பிளஸ்ஸில் லீவர் நேராக நாலு பக்கமும் போகும், எக்ஸில் மூலைவாட்டில் போகும். இங்கே பேக்ஹோ என்றால் பெரும்பாலும் கேட், கேஸ், டீர் கம்பெனி வண்டிகள்தான். ஊர் வண்டியில் பழகிய கையோடு அதில் ஏறினால் முதல் நாள் எல்லாமே அந்நியமாக இருக்கும். ஆனால் உங்கள் ஊர் வண்டியில் பூம் இடது கையில் இருந்திருந்தால், எஸ்ஏஇ செயின் வண்டிக்கு மாறும்போது உங்களுக்கு ஐஎஸ்ஓ கைக்காரர்களைவிட மறக்க வேண்டியது குறைவு. ஜப்பானில்கூட ஒரு காலத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் லீவர் அமைப்பு வேறாகத்தான் இருந்தது, அங்கிருந்த ஆபரேட்டர்களும் பிழைத்துத்தான் வந்தார்கள்.

செயின் பெடலைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஊரிலும் உள்ளதுதான், ஆனால் புது இடத்தின் பதற்றத்தில் மறந்துவிடும். கேபினை நேர் பின்னால் திருப்பி உட்கார்ந்திருந்தால் முன்னே தள்ளுகிற பெடல் உங்களைப் பின்னால் கொண்டுபோகும். நகர்த்தும் முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) எந்தப் பக்கம் என்று எட்டிப் பாருங்கள், அது பின்னால் இருந்தால் சரி. அப்புறம், இங்கே பல வண்டிகளில் பக்கெட்டுக்கு எதிரே கட்டைவிரல் மாதிரி ஒரு தம்ப் இருக்கும். கல், மரம் பிடிக்க அருமையான சாமான். லீவர் தலையில் உள்ள சின்ன உருளையில் விரல் பட்டால் அது அசையும், ஊர் நினைப்பில் லீவரை முஷ்டி போட்டுப் பிடித்தால் தெரியாமலே அசைத்துக்கொண்டிருப்பீர்கள்.

குளிர்காலத்தில் புதுப் பேட்டர்ன் பழகாமல் இருந்தால் நல்லது. ஹைட்ராலிக் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாகியிருக்கும்போது லீவரை அசைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் இழுப்பீர்கள், சட்டென்று துள்ளும். தப்பான லீவரை இழுத்தோமா, எண்ணெய்தான் தாமதமா என்றே புரியாது. வேறு வழியில்லை என்றால் நன்றாகச் சூடேறும்வரை காத்திருங்கள், அதற்கு இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சாயங்காலம் செயினில் உள்ள சேற்றைத் தட்டிவிட்டுப் பலகை மேல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காலையில் வண்டி தரையோடு தரையாக உறைந்திருக்கும்.

மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் ஹைட்ரோ என்றால் மின்சாரம். ஹைட்ரோ லைன் போகிறது என்று சொன்னபோது நான் தண்ணீர்க் குழாய் என்றுதான் நினைத்தேன். தோண்டும் முன் ஒன்டாரியோ ஒன் கால் (நிலத்துக்கடியில் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரக் கேட்கும் சேவை) வழியாகப் பதிவு செய்தால், குழாய்க்காரர்கள் வந்து தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைபேசியும் இணையமும், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்குள் பக்கெட் வைக்காதீர்கள், அங்கே கையால்தான் தோண்ட வேண்டும். புதுப் பேட்டர்ன் பழகுகிற கைக்கு நான் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். பள்ளம் 1.2 மீட்டருக்கு மேல் ஆழமாகி அதில் ஆள் இறங்க வேண்டும் என்றால் தாங்குசட்டம் வேண்டும் அல்லது பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும். ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது போல இங்கே விட மாட்டார்கள்.

லைசென்ஸ் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்டாரியோவில் மொபைல் கிரேனுக்கு இருப்பது போன்ற கட்டாயச் சான்றிதழ் எக்ஸ்கவேட்டருக்கு இல்லை. தகுதியான ஆளா என்று பார்ப்பது முதலாளியின் பொறுப்பு, அதனால்தான் யார்டில் ஏற்றிப் பார்க்கிறார்கள். முறையாகப் படிக்க விரும்பினால் ஆபரேட்டர்கள் சங்கமான லோக்கல் 793 சார்ந்த பயிற்சி நிலையம் ஓக்வில்லிலும் மோரிஸ்பர்க்கிலும் இருக்கிறது. இரண்டு பேட்டர்னும் பழகக் கிடைக்குமா என்று சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராம்ப்டன் தம்பிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு யார்டில் சோதனை. நேற்று மறுபடி எழுதியிருந்தான். "அண்ணே, ரெண்டு பேட்டர்னும் ஓட்டுவேன்னு சொல்லிடட்டுமா? டம்ளர் வச்சு அஞ்சு நாளாப் பழகிட்டேன்." வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஐஎஸ்ஓ ஓட்டுவேன், எஸ்ஏஇ பழகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல், வால்வு இருந்தால் அவர்களே திருப்பித் தருவார்கள். இல்லையென்றால் பத்து நிமிடம் மண் குவியலில் விடச் சொல்லிக் கேள். முடிந்தால் புதன்கிழமை என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதச் சொல்கிறேன்.