‘ஆவியின் வரம்’: இரண்டு பொருளுக்கு ஒரே சொல்லா?

நண்பர்களே,

சமயச் சொல்லடைவின் மார்மன் (அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் நிறுவிய கிறிஸ்தவப் பிரிவு) பகுதியை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே சொல்லில் வேலை நிற்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பின் மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவம் (அச்சபையின் உயர்நிலைக் குருத்துவம்) உடையவர்கள் தலையில் கைவைத்து, ‘பரிசுத்த ஆவியைப் பெற்றுக்கொள்’ என்று சொல்லி அளிப்பது ஒன்று. அது எல்லா உறுப்பினருக்கும் பொது. ஆளுக்கு ஆள் வேறாக வரும் ஞானம், குணமாக்குதல், தீர்க்கதரிசனம், பாஷை போன்றவை மற்றொன்று. ஒஹாயோ மாநிலம் கர்ட்லண்டில் 1831 மார்ச் 8 அன்று ஜோசப் ஸ்மித் அறிவித்த வெளிப்பாடு இவற்றை வரிசைப்படுத்துகிறது. பழைய வேதாகமத் தமிழில் இரண்டும் ‘வரம்’தான். பின்னதற்கு மட்டும் ‘கள்’ சேர்த்தால் போதுமா?

> ‘கள்’ சேர்த்தால் போதுமா?

போதாது ஐயா. அஃறிணையில் ‘கள்’ கட்டாயமில்லை. ‘பத்து மரம்’ என்றாலும் பன்மைதான். தவிர, வரம் தவமிருந்து வாங்குவது. ‘ஈவு’ என்று வையுங்கள். ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பிய எச்சவியல் பிரிக்கிறது: தாழ்ந்தவன் கேட்பது ‘ஈ’, ஒத்தவன் கேட்பது ‘தா’, உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’. மேலான வரங்களை ஊக்கமாய்த் தேடுங்கள் என்றே அந்த வெளிப்பாடும் சொல்கிறது. கடவுளிடம் மனிதன் வேறெப்படிக் கேட்பான்?

‘ஈவு’ ஒத்துவராது. அந்த நூற்பா கேட்பவன் கூற்றுக்கு. பொருளின் பெயருக்கு அதை நீட்ட முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈவு என்றால் வகுத்தல் கணக்கின் விடை, பக்கத்தில் மீதி! ‘கொடை’ போதும்.

சொல் எதுவானாலும் பதிவுகளைத் திருத்துங்கள். ‘குணமாக்கும் வரம்’ என்ற பதிவில் எண்ணெய்ச் சடங்கை விளக்கியிருக்கிறீர்கள். அர்ப்பணித்த ஒலிவ எண்ணெயை நோயாளியின் உச்சந்தலையில் ஓரிரு துளி வைத்து ஒருவர் ஜெபிக்க, இன்னொருவர் அதை முத்திரித்து (உறுதிப்படுத்தி) ஆசி கூறுவது ஆசாரியத்துவச் சடங்கு. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். வரப் பட்டியலிலோ குணமாக்கும் விசுவாசமும் குணமடையும் விசுவாசமும் தனித்தனி. பாஷை வரத்துக்கு ‘அந்நியபாஷை’ என்ற சொல்லும் வேண்டாம். பெந்தெகொஸ்தே சபைக் கூட்டம்தான் கண்முன் வரும். இன்றைய மார்மன் பேச்சில் அது பெரும்பாலும் மதம் பரப்பும் ஊழியர்கள் வேற்றுமொழியை விரைந்து கற்பதைக் குறிக்கிறது. ‘பாஷைகளின் வரம்’ என்றே இருக்கட்டும்.

அப்படியானால் அதே பட்டியலின் ‘ஆவிகளைப் பகுத்தறிதல்’? பகுத்தறிவு என்றதும் தமிழ்நாட்டில் பெரியார்தான் நினைவுக்கு வருவார். ‘ஆவிகளை இனங்காணுதல்’ எனலாம்.

அச்சுக்கு நேரமில்லை, முடித்துவிடுகிறேன். ஐவர் ஒப்பியபடி: சடங்கால் பெறுவது ‘பரிசுத்த ஆவியின் வரம்’, பலவாய் வருபவை ‘ஆவிக்குரிய கொடைகள்’. ‘பாஷைகளின் கொடை’ என்றும் மாறும். இனங்காணுதல் ஏற்கப்பட்டது.

என் மறுப்பைப் பதியுங்கள். நெல்லைப் பக்கம் கொடை என்றால் அம்மனுக்கு ஊர் எடுக்கும் விழா. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதே அங்கே தலைகீழ்.