மலிவு விலைப் பழமரக் கன்றா, பழமர நர்சரிக் கன்றா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேர்முடிச்சு:
சூப்பர் மார்க்கெட் வாசலில் வருடா வருடம் பழமரக் கன்றுகளை அடுக்கி வைக்கிறார்கள். பார்த்தாலே கை நீளும் விலை. பழமரத்துக்கென்றே இருக்கும் நர்சரியில் அதே இரகம் பல மடங்கு விலை. இரண்டையும் வளர்த்துப் பார்த்தவன் என்ற முறையில் என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

என் தோட்டத்தில் இரண்டு காலா ஆப்பிள் மரங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரே மண், ஒரே வெயில். ஒன்று சூப்பர் மார்க்கெட் கன்று. அதன் அட்டையில் பழத்தின் படமும் 'காலா' என்ற பெயரும் மட்டும்தான். இன்னொன்று நர்சரிக் கன்று. அதன் அட்டையில் 'காலா, எம் 9' என்று இருந்தது, எம் 9 என்பது கீழே இருக்கும் வேர்ச்செடியின் பெயர். எம் 9 மரம் சீக்கிரமே காய்க்கத் தொடங்கி, இன்றுவரை தரையில் நின்றபடி பறிக்கும் உயரத்தில் இருக்கிறது. மற்றது வேலியைத் தாண்டிப் போய், பூவே காட்டாமல் பல வருடம் இலையாகவே வளர்ந்தது. இப்போது நன்றாகக் காய்க்கிறது, ஆனால் பாதிப் பழத்துக்கு ஏணி வேண்டும்.

பழமரக் கன்று பெரும்பாலும் ஒரு செடியின் வேர்ப்பகுதியில் இன்னொன்றின் கிளையை ஒட்டி உருவாக்குவது. மேலே இருக்கும் கிளை இரண்டிலும் ஒன்றேதான், மரபு வழியில் ஒரே செடி. கீழே இருக்கும் வேர்ச்செடிதான் வேறு. மரம் எவ்வளவு உயரும், எப்போது காய்க்கும், எந்த மண்ணைத் தாங்கும் என்பதையெல்லாம் பெருமளவுக்குத் தீர்மானிப்பது அந்த வேர்தான். அட்டையில் அந்த ஒரு வரி இல்லையென்றால் நாம் பாதி மரத்தைத்தான் தெரிந்துகொண்டு வாங்குகிறோம். மலிவு, விலை உயர்வு என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

எம் 9 போன்ற பெயர்களெல்லாம் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1913-இல் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. எண்ணுக்கும் உயரத்துக்கும் சம்பந்தம் கிடையாது, இதில் பலர் குழம்புகிறார்கள். எம் 27 மிகக் குள்ளம், இரண்டு மீட்டருக்குள் நின்றுவிடும். எம் 9 இரண்டரை, மூன்று மீட்டர் வரும். எம் 26 அதைவிடச் சற்று உயரம். எம்.எம். 106 நான்கு மீட்டரைத் தொடும். எம் 25 பெரிய தோப்பு மரமாகிவிடும். குள்ள வேர்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எம் 27, எம் 9 இரண்டுக்கும் ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும். நல்ல மண் வேண்டும், காய்ந்த புல்தரையில் அவை திணறும்.

செடிப்பித்து:
நீங்கள் சொன்ன வேர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனாலும் மலிவுக் கன்றுக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டும். என்னிடம் இருக்கும் விக்டோரியா பிளம், ஒரு அத்தி, ஒரு பேரி மூன்றும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியவைதான். மூன்றும் நன்றாக இருக்கின்றன. அத்தியைப் பெரும்பாலும் ஒட்டுப் போடாமல் குச்சியிலிருந்தே வளர்ப்பார்கள், அதனால் அங்கே வேர்ச்செடி என்ற கேள்வியே கிடையாது. விக்டோரியாவுக்கு மகரந்தம் தரும் துணை மரம் இல்லாமலே காய் பிடிக்கும். இதற்கெல்லாம் நர்சரி விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எதை வாங்குகிறோம் என்பதைவிட எப்போது வாங்குகிறோம் என்பதுதான் அங்கே முக்கியம். அந்தக் கன்றுகள் இலை உதிர்ந்த உறக்க நிலையில் பிடுங்கப்பட்டு, வேரைச் சுற்றிக் கொஞ்சம் ஈர மண்ணோ பாசியோ வைத்து பிளாஸ்டிக்கில் கட்டி வருகின்றன. வந்த அன்று அவற்றில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அப்புறம் கடைக்குள் இருக்கும் சூட்டில் மொட்டுகள் இது வசந்தம் என்று நினைத்து விழித்துக்கொள்ளும். வேர் இன்னும் பைக்குள் கிடக்கும், மேலே வெளிறிய தளிர் வந்துவிடும். அந்தத் தளிருக்குத் தண்ணீர் அனுப்ப வேரால் முடியாது. விலைக் குறைப்பு ஒட்டி வைத்திருக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை இந்த நிலையில் இருப்பவைதான்.

ஆகவே நான் சரக்கு வந்து இறங்கும் வாரத்திலேயே போய்விடுவேன். பையை வெளியிலிருந்து அழுத்திப் பார்ப்பேன், சில்லென்று ஈரம் தெரிய வேண்டும். நகத்தால் தண்டின் ஓரத்தில் துளி சுரண்டினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பு என்றால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒட்டுப் போட்ட இடம் லேசாக வளைந்து புடைத்திருக்கும், அதில் பிளவோ கறுப்போ இருக்கக் கூடாது. மொட்டுகள் தண்டோடு ஒட்டி மூடியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து, வேரை ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அன்றே நட்டுவிட வேண்டும்.

ஒட்டுக்கத்தி:
பழமர நர்சரி ஒன்றில் ஒட்டுப் போடும் வேலை செய்கிறேன். விலை ஏன் அப்படி என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

வேர்ச்செடியைக் குளிர்காலத்தில் வரிசையாக நடுவோம். அது வேர் பிடித்ததும் அந்தக் கோடையில் இரகத்தின் ஒரே ஒரு மொட்டைச் சீவி எடுத்து, வேர்ச்செடியின் தண்டில் அதே அளவு வெட்டில் பொருத்திக் கட்டுவோம். தரையிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாத உயரத்தில். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய பச்சை அடுக்கு இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பிடிக்காது, கத்தி மழுங்கியிருந்தாலும் பிடிக்காது. குளிர்காலம் முடியும்போது மொட்டுக்கு மேலே இருக்கும் வேர்ச்செடியை வெட்டிவிடுவோம். மொட்டு ஒரு பருவம் முழுக்க நேராக வளர்ந்து, அடுத்த உறக்க காலத்தில்தான் பிடுங்கி விற்கிறோம். அதாவது உங்கள் கையில் வரும் ஒரு வருடக் கன்றுக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு வருட வேலை இருக்கிறது. இடையில் செத்தவை, வளைந்தவை எல்லாம் கழிவு. பெரிய அளவில் வளர்ப்பவர்களும் இதே முறையில்தான் வளர்க்கிறார்கள். அவர்களிடம் எண்ணிக்கை அதிகம், இரகம் குறைவு, பை அளவுக்கு வேரைக் குறுக்கி வெட்டுவதும் உண்டு. அதனால்தான் மலிவாக முடிகிறது. அது மோசமான மரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நர்சரியின் அருமை தெரிவது சிக்கலான இடங்களில். வில்லியம்ஸ் பேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பேரியைக் குள்ளமாக்க, குயின்ஸ் என்ற அதன் உறவுப் பழமரத்தின் வேரில் ஒட்டுவது வழக்கம். வில்லியம்ஸுக்கும் குயின்ஸுக்கும் ஒத்துப்போகாது. நடுவில் இரண்டுக்கும் ஒத்துவரும் மூன்றாவது பேரி இரகத்தின் துண்டை வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் சில வருடம் நன்றாக நின்ற மரம் ஒரு பலத்த காற்றில் ஒட்டுப் போட்ட இடத்தில் பட்டென்று முறிந்துவிடலாம். அட்டையில் வேர்ச்செடியே எழுதாதவரிடம் நடுத்துண்டைப் பற்றி எங்கே போய்க் கேட்பீர்கள்?

இன்னொன்று மண். ஈரம் தங்கும் களிமண்ணில் எம்.எம். 106 வைத்தால் தண்டின் அடி அழுகும் ஆபத்து உண்டு. கம்பளி அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியின் தொல்லை இருக்கும் இடத்தில் அதே எம்.எம். 106 நல்ல தேர்வு, ஏனென்றால் அந்த எம்.எம். வரிசையையே நார்தர்ன் ஸ்பை என்ற ஆப்பிளோடு கலந்து அந்த அசுவினியைத் தாங்கும்படிதான் உருவாக்கினார்கள். எங்களிடம் வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது "உங்கள் மண் எப்படி, எவ்வளவு இடம்?" என்றுதான். இரகம் அதற்கு அப்புறம்.

நிழற்கொடி:
என்னுடையது செர்ரி. மலிவுக் கன்று, வேர்ச்செடி தெரியாது. வீட்டுக் கூரையைத் தொட்டுவிட்டது. பழம் பழுக்கும் நாளில் உச்சிக்கு வலை போட வழியில்லை, அத்தனையும் பறவைக்கே. பக்கத்து வீட்டு அக்கா நர்சரியில் கிசெலா 5 என்ற குள்ள வேரில் ஒட்டிய ஸ்டெல்லா இரகச் செர்ரி வாங்கினார். மூன்று மீட்டர் அளவில் நிற்கிறது, முழு மரத்தையும் ஒரே வலைக்குள் மூடி பழத்தைச் சாப்பிடுகிறார். ஸ்டெல்லா தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் என்பதால் துணை மரமும் வேண்டாம். செர்ரி மட்டும் வேர்ச்செடி தெரியாமல் வாங்காதீர்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன்.

மஞ்சள்பிளம்:
நர்சரி என்றால் தவறே வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மஞ்சள் பிளம் என்று கேட்டு வாங்கிய மரம், பழம் வந்தபோது கருநீலமாக நின்றது. இலை, பழம், கொட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். வாதம் ஏதும் இல்லாமல் தவறை ஒத்துக்கொண்டு, அடுத்த உறக்க காலத்தில் சரியான கன்றை அனுப்பிவைத்தார்கள். போன வருடங்கள் போனவைதான். ஆனாலும் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார், எந்தத் தாய்மரத்தில் மொட்டு எடுத்தார்கள் என்ற பதிவும் அவர்களிடம் இருந்தது. என் தம்பிக்கு மலிவுக் கன்றில் இதே நடந்தபோது இரசீதைக்கூட யாரும் கேட்கவில்லை, அந்த வகை இப்போது வருவதில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

பிளம் வாங்குபவர்கள் நோய் விஷயத்தையும் யோசிக்க வேண்டும். பிளம் பாக்ஸ் என்ற வைரஸ் நோய் அசுவினி மூலமும் பரவும், நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி மூலமும் பரவும். வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. தாய்மரம் வைரஸ் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்டால் நல்ல நர்சரியில் நேராகப் பதில் வரும்.

வேர்முடிச்சு:
எல்லாருக்கும் நன்றி. ஒட்டுக்கத்தி சொன்ன நடுத்துண்டு விஷயம் எனக்குப் புதிது.

செடிப்பித்து, உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது தங்கை. இடம் தாராளமாக இருந்து, தனியாகவே காய்க்கும் இரகமாகவும் இருந்தால், வந்து இறங்கிய வாரத்துச் சூப்பர் மார்க்கெட் கன்றை நானும் வாங்குவேன். சுவரோரம் படர விட வேண்டும், தொட்டியில் வைக்க வேண்டும், குறுகிய இடத்தில் சாய்த்து ஒற்றைத் தண்டாக வளர்க்க வேண்டும் என்றால் நர்சரிக்குத்தான் போவேன். கவாத்தை மட்டும் வைத்துப் பெரிய வேர் மரத்தைச் சின்னதாக நிறுத்த முடியாது. வெட்ட வெட்ட அது இன்னும் வேகமாக நீர்க்குச்சிகளைத்தான், அதாவது நேராக மேலே ஓடும் இளங்கிளைகளைத்தான் விடும். துணை மரம் வேண்டுமா என்பதையும் வாங்குமுன் பாருங்கள். பிராம்லி, ஜோனாகோல்டு போன்ற மும்மடிய (வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள) ஆப்பிள்களின் மகரந்தம் பெரும்பாலும் பயன்படாது. அவற்றை வைத்தால், ஒரே சமயத்தில் பூக்கும் வேறு இரண்டு இரகங்கள் அருகில் இருந்தால்தான் மூன்றும் நன்றாகக் காய்க்கும்.

நடும் ஆழம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தவருக்கு: எங்கே வாங்கிய கன்றானாலும் ஒட்டுப் போட்ட புடைப்பு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும். மூடாக்கும் அதன்மேல் ஏறக் கூடாது. அது மண்ணுக்குள் போனால் மேலே இருக்கும் இரகம் தானே வேர் விட்டுக்கொள்ளும், அப்புறம் எம் 9 வாங்கியும் மரம் குள்ளமாக நிற்காது. ஏற்கெனவே ஆழமாக நட்டிருந்தால், அடுத்த உறக்க காலத்தில் கன்றைத் தோண்டி எடுத்து உயர்த்தி நடலாம். நட்டு ஓரிரு வருடத்துக்குள் என்றால் அது பெரும்பாலும் பிழைத்துவிடும்.