புதுப்பிப்பு: ஹாஸ்கெல் நிரலில் அமைப்புகளை எல்லா ஃபங்ஷனுக்கும் கடத்துவது (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாடல் தொட்டிகளில் ஈரப்பதம் பதியும் நிரல். போர்ட், எச்சரிக்கை வரம்பு, பதிவு இடைவெளி மூன்றையும் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் கையால் கடத்த வேண்டியிருந்தது.

வேலைக்கு ஆனது ரீடர்டி (ReaderT, அமைப்புகளைப் பின்னணியில் தானாகவே கடத்தும் ஹாஸ்கெல் வகை) யோசனைதான். அமைப்புகள் எல்லாம் ஒரே ரெக்கார்டில். மெயினில் சூழல் மாறிகளிலிருந்து ஒருமுறை படித்து, சரிபார்த்து, அதை இயக்கும் ரன்ரீடர்டிக்குக் கொடுத்தாச்சு. தேவைப்படும் இடத்தில் ஆஸ்க்ஸ் (asks) போட்டு வேண்டிய மதிப்பை எடுக்கலாம். ஒரு தொட்டிக்கு மட்டும் வரம்பை மாற்ற லோக்கல் (local) ஃபங்ஷன் போதும், மற்றவற்றைத் தொடாது. அன்சேஃப்பெர்ஃபார்ம்ஐஓ (unsafePerformIO, ஹாஸ்கெலின் பாதுகாப்பு விதியை மீறும் குறுக்குவழி) போட்டு குளோபலாக வைக்கும் யோசனையை விட்டுவிட்டேன். அப்படி வைத்தால் டெஸ்ட்டில் வேறு மதிப்பு கொடுப்பது பெரும்பாடு.

சரிபார்க்க ஈதர் (Either, பிழை அல்லது சரியான மதிப்பைத் தரும் வகை) போட்டால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். வேலிடேஷன் (Validation) வகை எல்லாப் பிழையையும் ஒரேயடியாகக் காட்டும். மலையேறிப் போய்த் திருத்தும் இடத்துக்கு இதுதான் சரி.

எதிர்பாராதது: சிஸ்டம்டியின் (systemd, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி நடத்தும் சேவை) சூழல் மாறிகளை எழுதும் என்விரான்மென்ட்ஃபைலில் '75 # சதவீதம்' என்று அதே வரியில் குறிப்பு எழுதினால் அதுவும் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும், சரத்தை எண்ணாக்கும் ரீட்மேபி (readMaybe) நத்திங் (Nothing, மதிப்பு இல்லை) தரும். குறிப்பைத் தனி வரியில் போடுங்க. இன்னொன்று, வெறுமையாக விட்ட மாறிக்கு, சூழல் மாறியைப் படிக்கும் லுக்அப்என்வ் (lookupEnv) நத்திங் தராது, ஜஸ்ட்டுக்குள் (Just, மதிப்பு உண்டு) வெற்றுச் சரம்தான் வரும். அதைத் தனியாகக் கவனிக்காவிட்டால் டீஃபால்ட் மதிப்பு எடுபடாது.