எங்கள் பூங்காவின் சூரியனை இறக்கிவிட்டார்கள்: லோகோ மாறிய நாளில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா?

ராட்டினப்பிரியன்:

நான் சின்ன வயதிலிருந்து போய்வரும் தீம் பார்க்குக்குப் புது லோகோ வந்துவிட்டது. பழையதில் ஒரு மஞ்சள் சூரியன் இருக்கும். அதன் கதிர்கள்தான் ராட்டினத்தின் கம்பிகள். பெயரின் எழுத்துகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, ரோலர் கோஸ்டர் தடம் போல வளைந்து போகும். யாரோ கையால் எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். புதியதில் சூரியனே இல்லை. நேரான தடித்த எழுத்துகள், நீல நிறம், அடியில் ஓர் அலைக்கோடு.

அறிவிப்பைப் பார்த்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மரங்களுக்கு மேலே அந்தச் சூரியன் எட்டிப் பார்க்கும் வளைவில், யார் முதலில் பார்த்தது என்று நானும் அக்காவும் காருக்குள் சண்டை போடுவோம். எனக்கு ஆறு வயது, அவளுக்கு ஒன்பது. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள், ஏனென்றால் ஜன்னலோரம் அவளுடையது.

சனிக்கிழமை நேரில் போனேன். நல்லவேளை போனேன். வாசலில் கிரேன் நின்றது, பாதி எழுத்துகளைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். வேலியோரம் நான் நிற்பதைப் பார்த்த ஒரு தொழிலாளி, "கிட்ட வந்து பாருங்க தம்பி, தொட்டாலும் பரவாயில்லை" என்றார். ஒவ்வோர் எழுத்தும் என்னைவிட உயரம். பின்பக்கம் வெறும் தகரப் பெட்டி. உள்ளே வரிசையாக பல்பு மாட்டும் குழிகள், ஒரு மூலையில் காய்ந்துபோன குருவிக்கூடு. ஓரத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் விரலை வைத்தேன். மஞ்சளுக்கு அடியில் ஆரஞ்சு, அதற்கும் அடியில் சிவப்பு. நான் பிறப்பதற்கு முன்பு அந்த எழுத்துகள் சிவப்பாக இருந்திருக்கின்றன. நாற்பது வருடம் மாறாமல் இருந்தது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த பலகை, அதற்குள் இரண்டு முறை நிறம் மாறியிருக்கிறது.

அது எனக்கு ஆறுதலா வருத்தமா என்று இன்னும் பிடிபடவில்லை. உங்கள் பூங்காவிலும் பெயரோ லோகோவோ மாறியிருக்கும். அப்போது என்ன பார்த்தீர்கள், என்ன தோன்றியது? விரிவாகவே எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

வரிசையில் நிற்பவன்:

அந்தப் பெயின்ட் அடுக்குகளைப் படித்ததும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

2003-ல், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அப்பா என்னை ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஸ்பேஸ்ஷிப் எர்த் என்ற பெரிய வெள்ளிக் கோளம் இருக்கிறது, 180 அடி உயரம். அதை ஒட்டி அப்போது மிக்கியின் கை ஒன்று மந்திரக்கோலைப் பிடித்தபடி நின்றது. கோளத்துக்கு மேலே 'எப்காட்' என்று சாய்ந்த எழுத்துகள், சுற்றிலும் நட்சத்திரங்கள். அண்ணாந்து பார்த்ததில் தொப்பி கீழே விழுந்தது. உலகத்திலேயே அழகான பொருள் அதுதான் என்று நினைத்தேன்.

வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, பழைய ரசிகர்களில் பலருக்கு அந்தக் கை கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று. 2000-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக 1999-ல் வைத்தது அது. முதலில் '2000' என்ற எண்ணைத் தாங்கி நின்றது. கொண்டாட்டம் முடிந்ததும் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. எண்ணை மாற்றிப் பெயரை வைத்தார்கள். 1982 அக்டோபர் 1-ல் திறந்த பூங்காவை முதலிலிருந்தே பார்த்தவர்களுக்கு அந்தக் கோளம் தனியாக, எதுவும் ஒட்டாமல் நிற்க வேண்டும். 2007-ல், 25-ஆம் ஆண்டு விழாவுக்கு முன்பு, கையைக் கழற்றினார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் நான் மறுபடி போனபோது கோளம் மட்டும் நின்றது. எது திரும்பக் கிடைத்தது என்று எல்லாரும் மகிழ்ந்தார்களோ, அது எனக்குக் குறைபட்டதாகத் தெரிந்தது. ஒன்பது வயதில் நான் பார்த்தது அங்கே இல்லை.

பெயரிலும் இதே கதைதான். திறந்தபோது 'எப்காட் சென்டர்', ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்து, ஏனென்றால் அது ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகள். ஐந்து வளையங்கள் பின்னி நடுவில் பூமி இருக்கும் சின்னம். 1994-ல் 'சென்டர்' போனது, பெயருக்குப் பக்கத்தில் வருடத்தைப் போட்டார்கள். பிறகு வருடமும் போய், சிறிய எழுத்துகளில் எப்காட் என்று மட்டும் நின்றது. 2019-ல் பெரிய மாற்றத் திட்டத்தை அறிவித்தபோது பெரிய எழுத்துகளே திரும்பி வந்தன, பூங்காவின் ஒவ்வொரு கண்காட்சிக் கூடத்துக்கும் பழைய பாணியில் வட்டச் சின்னங்களும் வந்தன. அந்த வட்டச் சின்னம் உள்ள டி-ஷர்ட்டை முதலில் வாங்கியவர்களில் நானும் ஒருவன். 1982-ல் நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, அந்தப் பெரியவர்கள் ஏன் அப்படித் துடித்தார்கள் என்று கொஞ்சம் புரிந்தது.

நண்பரே, உங்கள் மஞ்சள்தான் உங்களுக்கு உண்மையான நிறம். சிவப்பைப் பார்த்து வளர்ந்தவர் ஒருவர் எங்கோ இருப்பார், அவருக்கு மஞ்சள் பூசிய நாள் கஷ்டமாக இருந்திருக்கும்.

மரக்கோஸ்டர்:

எனக்கு லோகோ மேல் கோபமே வராது. கோபம் வேறு இடத்தில். நான் போகும் பூங்காவில் புதுப் பெயர், புதுக் கொடி, புதுச் சீருடை எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன. அந்த சீசன் முழுக்க மரக்கோஸ்டர் மூடியே கிடந்தது. பூட்டிய கேட்டில் தொங்கிய 'விரைவில் திறக்கும்' அட்டையில்கூடப் புது லோகோதான் அச்சடித்திருந்தது. மூன்று முறை போய் மூன்று முறையும் அந்த அட்டையைப் படித்துவிட்டு வந்தேன். தடத்தைச் சரிசெய்து ரயிலை ஓட விட்டிருந்தால் எந்த எழுத்துருவில் வேண்டுமானாலும் பெயர் எழுதட்டும் என்று விட்டிருப்பேன்.

வரைகலைக்காரி:

இந்த மாதிரி ஒரு வேலையில் நானே இருந்திருக்கிறேன். நடுத்தர அளவுப் பூங்கா ஒன்றுக்கு லோகோ மாற்றிய குழுவில் நான் இளையவள். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். நியாயப்படுத்த அல்ல, எப்படி நடக்கிறது என்று தெரியட்டும்.

ராட்டினப்பிரியன் சொன்ன சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் அது பிரமாதம். அதையே கைபேசிச் செயலியின் சின்னமாகச் சிறுத்துப் பாருங்கள், கதிர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு மஞ்சள் திட்டாகிவிடும். சட்டைப் பையில் நூலால் தைக்கும்போது மெல்லிய கோடுகள் நிற்காது. கைப்பட்டையில் ஒரே நிறத்தில் அச்சடிக்க வேண்டும், அங்கே நிழலும் சாயலும் கலந்த லோகோ காணாமல் போகும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வடிவம் வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கக் கேட்க நாங்கள் ஒவ்வொன்றாகக் கழிப்போம். கடைசியில் தட்டையான எழுத்து மிஞ்சும். உலகம் முழுக்க லோகோக்கள் ஒன்றுபோல ஆனதற்குப் பெரிய காரணம் இதுதான், ரசனைக்குறைவு அல்ல.

ஆனால் எங்கள் தப்பு ஒன்று உண்டு. எல்லாச் சோதனையையும் திரையில்தான் செய்தோம். பூங்கா வாசலில் போய் நின்று, இருபது அடி உயரத்தில் இது எப்படித் தெரியும், தூரத்தில் காரில் வரும் குழந்தைக்கு இது என்ன சொல்லும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. இளையவள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

புதுப் பலகை ஏறிய முதல் நாள் நான் சாதாரண டிக்கெட்டில் உள்ளே போனேன். வாசலில் ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், வெளுத்துப்போன பழைய லோகோ டி-ஷர்ட்டோடு நின்றார். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா எந்த இடம்னு தெரியலையே" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். இதைச் செய்ததில் நானும் ஒருத்தி என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று வரை எந்த லோகோ வேலை வந்தாலும் அந்த வாக்கியத்தைத் தாளின் மேல் எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

இப்போது சில வேலைகளில் இரண்டு வடிவம் கேட்டு வாங்குகிறேன். சின்ன இடங்களுக்கு எளியது, வாசலுக்கு விரிவானது. எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை, சில சமயம் ஒத்துக்கொள்கிறார்கள்.

வரைபடச் சேகரிப்பு:

வரைகலைக்காரி அக்கா சொன்னது போக, சட்டத்தாலும் பெயர் மாறும். நான் பூங்கா வரைபடங்களைச் சேர்க்கிறவன், அதனால் இது என் கண்ணில் அடிக்கடி படும். அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கிங்ஸ் ஐலண்டு பூங்கா பல வருடம் 'பாராமவுன்ட்ஸ் கிங்ஸ் ஐலண்டு' என்று இருந்தது. 2006-ல் சீடர் ஃபேர் என்ற பூங்கா நிறுவனம், பாராமவுன்ட் படக் கம்பெனியின் பெயரில் இருந்த பூங்காக்களை வாங்கிய பிறகு அந்த முன்னொட்டு போனது. அடுத்து, படப் பெயர் கொண்ட ரைடுகளும் ஒவ்வொன்றாக மாறின. 'டாப் கன்' 'ஃபிளைட் டெக்' ஆனது, 'டோம்ப் ரெய்டர்' 'தி கிரிப்ட்' ஆனது. 2007, 2008 வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தடங்கள் எல்லாம் அப்படியே இருக்கும், பெயர்கள் மட்டும் வேறு. இங்கே யாரும் ரசிகர்களை மதிக்காமல் மாற்றவில்லை. பெயரை வைத்துக்கொள்ளும் உரிமை கையில் இல்லை, அவ்வளவே.

மாற்றியதே சரி என்றும் சில உண்டு. டிஸ்னியின் பாரிஸ் பூங்கா 1992-ல் திறந்தபோது அதன் பெயர் 'யூரோ டிஸ்னி'. ஐரோப்பியர்களுக்கு அந்தச் சொல் வியாபாரத்தையும் பணத்தையும்தான் நினைவூட்டியது என்று டிஸ்னியின் தலைவராக இருந்த மைக்கேல் ஐஸ்னரே பின்னால் சொன்னார். 1994-ல் 'டிஸ்னிலாண்ட் பாரிஸ்' என்று மாற்றினார்கள். இன்று பழைய பெயருக்காக ஏங்குகிறவரை நான் சந்தித்ததில்லை. ஆர்லாண்டோவில் 1999-ல் யுனிவர்சல் இரண்டாவது பூங்காவைத் திறந்த சமயம், மொத்த வளாகத்துக்கும் 'யுனிவர்சல் ஸ்டூடியோஸ் எஸ்கேப்' என்று பெயர் வைத்திருந்தது. பழைய ஸ்டூடியோ பூங்காவின் பெயரும் அதில் இருந்ததால், பக்கத்தில் புதிதாக இன்னொரு பூங்கா இருப்பதே பலருக்குப் பிடிபடவில்லை. சீக்கிரமே அதைக் கைவிட்டு 'யுனிவர்சல் ஆர்லாண்டோ ரிசார்ட்' என்றார்கள்.

என்னிடம் நேரடி அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று: பெயர் மாறப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு பூங்காவின் தகவல் மையத்துக்குப் போய், பழைய வரைபடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த பெண் பெட்டியைத் திறந்து காட்டினார். ஆயிரக்கணக்கில் இருந்தன, மறுநாள் கழிவுக்குப் போக வேண்டியவை. "எத்தனை வேணும்?" என்றார். இரண்டு எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் குறைந்தது பத்து எடுத்திருக்கலாமே என்று தோன்றியது.

மழைநாள் பாஸ்:

வரைபடச் சேகரிப்பு, அந்தப் பெட்டி மனதை என்னவோ செய்கிறது. என்னைக் கேட்டால் மாற்றுவது பிரச்சினையே இல்லை, பழையதை எங்கே போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. டிஸ்னியின் கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவின் முகப்பில் 2001-ல் திறந்ததிலிருந்து 'கலிஃபோர்னியா' என்று பிரம்மாண்டமான எழுத்துகள் நின்றன. வாசலையே மாற்றிக் கட்டியபோது அவற்றை எடுத்தார்கள். உடைத்துப் போடவில்லை. சாக்ரமென்டோவில் மாநிலக் கண்காட்சி நடக்கும் கால் எக்ஸ்போ மைதானத்துக்குக் கொடுத்தார்கள். எழுத்துகள் இன்னொரு வாசலில் நிற்கின்றன என்ற நினைப்பே போதும், கோபம் பாதியாகிவிடும்.

ராட்டினப்பிரியன், உங்கள் சூரியன் எங்கே போனது என்று கேட்டீர்களா?

ராட்டினப்பிரியன்:

கேட்டேன். உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் அந்த யோசனையே வந்தது, நன்றி. பூங்காவுக்குக் கடிதம் எழுதினேன். திட்டி எழுதவில்லை. தகரப் பெட்டி, குருவிக்கூடு, மூன்று அடுக்குப் பெயின்ட், அக்காவோடு போட்ட சண்டை, எல்லாவற்றையும் எழுதி, எழுத்துகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். பத்து நாள் கழித்துப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எழுத்துகள் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி இருக்கின்றன, சூரியன் மட்டும் இரண்டாக வெட்டித்தான் இறக்க முடிந்தது என்றார். அடுத்த சீசனில் பழைய ராட்டினத்துக்குப் பக்கத்துச் சுவரில் அதை ஒட்டவைத்து மாட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். உறுதி எதுவும் இல்லை. கூடவே ஒன்று கேட்டார்: சிவப்பாக இருந்த காலத்துப் படம் யாரிடமாவது இருக்குமா? அவர்களிடமே இல்லை.

வரிசையில் நிற்பவன் சொன்ன அந்தச் 'சிவப்பைப் பார்த்து வளர்ந்தவர்' யாரென்று இப்போது நிஜமாகவே தேடுகிறேன். அக்கா வீட்டுப் பெட்டிகளைப் புரட்டிவிட்டேன், எல்லாம் மஞ்சள்தான். இரவில் பல்பு எரியும்போது எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வாசலில் நிற்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உங்கள் அப்பா, பெரியப்பா, அத்தை யாராவது அந்தக் காலத்தில் பூங்காக்களுக்குப் போனவராக இருந்தால் ஆல்பத்தை ஒருமுறை பாருங்கள். பின்னணியில் வளைந்த சிவப்பு எழுத்துகளும் கம்பிகள் விரிந்த ஒரு சூரியனும் இருந்தால், அது எங்கள் வாசல்தான். மங்கலாக இருந்தாலும், பாதி மறைந்திருந்தாலும் அனுப்புங்கள்.