கார்ட்டூன் தன்னைப் பற்றியே பேசும்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா, எரிச்சல் வருகிறதா?

ஜன்னலோர_சீட்டு கேட்டது:

ரிக் என்ற விஞ்ஞானித் தாத்தாவும் மார்ட்டி என்ற பேரனும் வரும் 'ரிக் அண்ட் மார்ட்டி' கார்ட்டூனின் நான்காவது சீசனில் 'நெவர் ரிக்கிங் மார்ட்டி' என்று ஓர் எபிசோடு இருக்கிறது. 2020 மே மாதம் வந்தது. ரிக்கும் மார்ட்டியும் ஒரு ரயிலில் மாட்டிக்கொள்வார்கள். பெட்டிக்குப் பெட்டி யாராவது உட்கார்ந்து ரிக்கைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதன் பெயரே கதை ரயில். அதை நடத்துகிறவன் ஸ்டோரி லார்டு. இவர்கள் இரண்டு பேருக்குள்ளும் இன்னும் சொல்லப்படாமல் இருக்கும் கதைகளைப் பிழிந்தெடுப்பதுதான் அவன் திட்டம்.

அந்தப் பிழியும் இடத்தில்தான் எனக்குக் கடுப்பு. முதல் சீசனில் வந்த ஈவில் மார்ட்டி, அதாவது மார்ட்டியின் வில்லன் வடிவம், திடீரென்று பெரும் படையோடு வருகிறான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்த்தால் அது உண்மையில் நடக்கவில்லையாம், நடக்கக்கூடிய கதையாம். அவ்வளவுதான், முடிந்தது. கடைசியில் இன்னும் மோசம். மொத்த ரயிலும் மார்ட்டி கடையில் வாங்கிய பொம்மை ரயில். அது உடைந்ததும், இன்னொன்று வாங்கு, காசைச் செலவு பண்ணு என்று ரிக் கத்துகிறான்.

ரூம்மேட் இதை ஜீனியஸ் வேலை என்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் 'உனக்கு மெட்டா புரியலைடா' என்கிறான். கதை தன்னைப் பற்றியே பேசுவதுதான் மெட்டாவாம். எல்லாம் புரிந்தது, அதனால்தான் கோபமே. நான் ஆவலாகக் காத்திருப்பதைக் கிண்டல் செய்வதற்காக இருபது நிமிடம் என்னையே உட்கார வைத்திருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது இப்படித் தோன்றியிருக்கிறதா?

எட்டாம்_படி எழுதியது:

கோபம் வரட்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள், ப்ரோ. அந்த ரயில் வட்டமான தண்டவாளத்தில் ஓடுவதைக் கவனித்தீர்களா? ஷோவை உருவாக்கிய இருவரில் ஒருவரான டான் ஹார்மனுக்கு 'கதை வட்டம்' என்று ஒரு முறை உண்டு. எட்டுப் படிகள். ஒருவன் தன் வசதியான இடத்தில் இருக்கிறான், ஏதோ வேண்டும் என்கிறான், பழகாத இடத்துக்குப் போகிறான், அங்கே பழகிக்கொள்கிறான், கேட்டது கிடைக்கிறது, அதற்குப் பெரிய விலை கொடுக்கிறான், திரும்பி வருகிறான், ஆள் மாறியிருக்கிறான். ஹார்மன் தன் கதைகளையெல்லாம் இந்த வட்டத்தில் போட்டுப் பார்ப்பவர். அந்த வட்டத்தையே ரயிலாக்கி ஓட்டிவிட்டுத் தன் எழுத்து முறையைத் தானே கேலி செய்கிறார். இது தெரிந்து இன்னொரு தடவை பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், ஈவில் மார்ட்டி 2021 செப்டம்பரில் ஐந்தாம் சீசன் கடைசி எபிசோடில் நிஜமாகவே வந்துவிட்டான். கடன் தீர்ந்தது.

லைட்பாக்ஸ் எழுதியது:

எட்டாம்_படி சொன்ன வட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆறாவது படி, விலை கொடுப்பது. அந்த ரயில் எபிசோடில் விலை கொடுத்தது யார்? ரிக் கொடுக்கவில்லை. எல்லாம் பொம்மை என்று தெரிந்த பிறகு அவனுக்கு என்ன போய்விட்டது? மார்ட்டிக்கும் ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தம்பி மட்டும்தான் கொடுத்திருக்கிறார். அவர் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

நான் பல வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு இன்பிட்வீன் போட்டுக்கொண்டிருந்தவன். முக்கியமான படங்களை, அதாவது 'கீ'களை, அங்கிருந்து அனுப்புவார்கள். ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவில் கை எப்படி நகர்கிறது, தலை எப்படித் திரும்புகிறது என்று இடைப்படங்களை வரைவது எங்கள் வேலை. ஜோக் என்ன என்று பல நேரம் தெரியாது. எக்ஸ்-ஷீட்டில் எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்று இருக்கும், அதுதான் வேதம். ஆகையால் கார்ட்டூன் தன்னைப் பற்றிப் பேசினால் நான் பார்க்கிற கோணம் கொஞ்சம் வேறு.

இந்த வகையில் எனக்கு உரைகல் என்றால் 'தி சிம்ப்சன்ஸ்' எட்டாம் சீசனில் 1997 பிப்ரவரி 9 அன்று வந்த பூச்சி எபிசோடு. (பூச்சி என்பது ஒரு நாயின் பெயர், நம் ஊர்ப் பூச்சி இல்லை.) அது அந்தத் தொடரின் 167-வது எபிசோடு. பிரைம் டைம் கார்ட்டூன்களில் 'தி ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' 166 எபிசோடுகளோடு வைத்திருந்த சாதனையை அன்றைக்குத்தான் முறியடித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பழைய காட்சிகளை ஒட்டி ஒரு வெற்றி விழா எடுத்திருப்பார்கள். இவர்கள் 'நமக்கு வயசாகிவிட்டது' என்று ஒரு கதை எடுத்தார்கள்.

சிம்ப்சன்ஸ் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் 'இட்சி அண்ட் ஸ்க்ராட்சி'. அதன் ரேட்டிங் விழுகிறது. சேனல்காரர்கள் சிறுவர்களைக் கூட்டி வைத்து என்ன வேண்டும் என்று கேட்டால், யதார்த்தமாகவும் இருக்க வேண்டும், ரோபோக்களும் வேண்டும் என்கிற ரகத்தில் பதில் வருகிறது. சிம்ப்சன்ஸ் வீட்டு மகள் லிசா எழுந்து, ஷோவில் குறை ஒன்றும் இல்லை, இத்தனை வருடம் ஓடியதால் அந்தப் பாத்திரங்கள் முன்பு போலத் தாக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறாள். சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே கொடுத்த வாக்குமூலம் அது. சேனல்காரர்கள் காதில் அது ஏறவில்லை. கூலான ஒரு புது நாயைச் சேருங்கள் என்கிறார்கள். அதுதான் பூச்சி. அதற்குக் குரல் கொடுக்க லிசாவின் அப்பா ஹோமர் தேர்வாகிறான்.

இதே எபிசோடில் சிம்ப்சன்ஸ் வீட்டில் ராய் என்று ஒரு பையன் திடீரென்று இருக்கிறான். யார், எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்பதில்லை. குடும்பத்தோடு நிரந்தரமாக இருக்கிற மாதிரி ஒரு புதுப் பாத்திரத்தைச் சேருங்கள் என்று உண்மையிலேயே சிம்ப்சன்ஸை ஒளிபரப்பும் ஃபாக்ஸ் சேனல் அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள்! இதில் கிண்டலுக்கு ஆளாவது சம்பளம் கொடுக்கிற முதலாளி என்பதைக் கவனியுங்கள்.

பூச்சி படுதோல்வி. ஆனால் ஹோமர் அந்த நாயை மனதார விரும்ப ஆரம்பித்துவிடுகிறான். நாயைச் சாகடிக்க எழுதித் தந்த வசனத்தைப் படிக்காமல், எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று மைக் முன்னால் கெஞ்சுகிறான். ரெக்கார்டிங்கில் இருப்பவர்கள் மனம் இளகின மாதிரித்தான் இருக்கும். ஒளிபரப்பில் பார்த்தால் வேறு யாரோ ஒருவரின் குரலில், என் கிரகத்துக்குப் போக வேண்டும் என்று பூச்சி சொல்கிறது. உடனே நாயின் படம் அப்படியே விறைப்பாக மேலே நகர்ந்து போகிறது. போகிற வழியில் செத்துவிட்டது என்று கையால் எழுதிய ஒரு துண்டு அறிவிப்பு. கதை முடிந்தது.

அந்த 'மேலே நகர்ந்து போகிறது' என்கிற இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு அந்தத் தொடரை 'செல்' முறையில்தான் செய்துகொண்டிருந்தார்கள். 2002 வாக்கில்தான் முழுசாகக் கணினி வண்ணத்துக்கு மாறினார்கள். கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும் செல்லில் வரைந்து, பின்பக்கம் வண்ணம் அடித்து, பின்னணிப் படத்தின் மேல் வைத்துக் கேமராவில் எடுப்பார்கள். நாய் நடந்து போவதை வரைய வேண்டுமானால் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், காசு வேண்டும். அந்தச் செல்லைக் கையால் மேலே இழுத்துவிட்டால்? ஒரு காசு செலவில்லை. ஒரு பாத்திரத்துக்குச் செய்யக்கூடிய உச்சபட்ச அவமரியாதை அதுதான். ஹோமரின் அத்தனை உருக்கமும் ஒரு செல்லை இழுத்ததில் காலி. சிரித்துக்கொண்டே அவனுக்காக வருத்தப்பட வைத்துவிடுகிறார்கள். ரயில் எபிசோடில் எனக்குக் கிடைக்காதது இதுதான். ஸ்டோரி லார்டுக்காக யாராவது வருத்தப்பட்டீர்களா?

பார்வையாளர்களையும் அவர்கள் விடவில்லை. 1990-லேயே யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களத்தில் சிம்ப்சன்ஸ் ரசிகர்கள் கூடி எபிசோடு எபிசோடாக அலசிக்கொண்டிருந்தார்கள், எழுத்தாளர்களும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 'இதுவரை வந்ததிலேயே படுமோசமான எபிசோடு' என்று பூச்சி எபிசோடில் காமிக்ஸ் கடைக்காரர் பாத்திரம் சொல்லும் புகழ்பெற்ற வரி அங்கிருந்து எடுத்ததுதான். இந்த எபிசோடை எழுதிய டேவிட் கோஹன் பின்னால் 'ஃப்யூச்சுராமா' கார்ட்டூனை, சிம்ப்சன்ஸை உருவாக்கிய மாட் க்ரோனிங்கோடு சேர்ந்து உருவாக்கினார். ரசிகர்களைக் கேலி செய்யத்தான் அந்த வரியை எடுத்தார்கள். இப்போது தொடர் 750 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது, ஒவ்வொரு புது எபிசோடுக்கும் அதே வரியை ரசிகர்கள் திருப்பி அடிக்கிறார்கள்.

அதே தொடரில் எனக்கு வயிறு எரிந்த இடமும் உண்டு. 2010 அக்டோபர் 10. தொடக்கத்தில் குடும்பம் சோபாவில் வந்து உட்காருமே, அந்தப் பகுதியைத் தெருச்சுவர் ஓவியர் பேங்ஸி வடிவமைத்தார். ஆசியப் பெண்கள் இருட்டு அறையில் வரிசையாக உட்கார்ந்து சிம்ப்சன்ஸ் படங்களை வரைகிறார்கள். ஒரு குழந்தை நச்சுத் திரவத்தில் செல்லை முக்கி எடுக்கிறது. பூனைக்குட்டிகளை அரைத்து, சிம்ப்சன்ஸ் வீட்டுப் பையன் பார்ட்டின் பொம்மைக்குள் அடைக்கிறார்கள். ஒற்றைக்கொம்புக் குதிரை தன் கொம்பால் டிவிடிக்கு ஓட்டை போடுகிறது. கடைசியில் முள்வேலி சுற்றிய ஃபாக்ஸ் சின்னம். என்ன தைரியம், சொந்தச் சேனலையே கிழித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

அதை வரைந்து கொடுத்தது யார்? சியோலில் இருக்கும் ஏகோம் ஸ்டுடியோ. சிம்ப்சன்ஸின் ஆரம்ப காலத்திலிருந்தே அந்தத் தொடருக்கு வரைகிற கொரியர்கள். தங்களை அடிமைகளாகக் காட்டும் படத்தை அவர்களே உட்கார்ந்து வரைய வேண்டியிருந்தது. ஏகோமின் நிறுவனர் நெல்சன் ஷின் இது தங்கள் வேலையை இழிவுபடுத்துகிறது என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். படம் வந்துவிட்டது.

2010-ல் சிம்ப்சன்ஸுக்கு யாரும் செல் கழுவிக்கொண்டிருக்கவில்லை, எல்லாம் கணினிக்குப் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இருந்த பிரச்சினையே வேறு. ராத்திரி முழுக்க ரீடேக் போட்ட, அதாவது திருத்தி மறுபடி வரைந்த, படத்தில் பெயர் வராது, கீ தாமதமாக வந்தாலும் கெடு தள்ளிப்போகாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தொடரின் கிரெடிட்டில் எங்கள் ஊர்ப் பெயர்கூட வரவில்லை. அதைக் காட்டியிருந்தால் எழுந்து கை தட்டியிருப்பேன். இருட்டறையும் பூனைக்குட்டியும் காட்டியதில் மேற்கில் இருக்கிற ரசிகனுக்கு ஒரு நிமிடக் குற்றவுணர்வும் ஷோவுக்கு நல்ல பெயரும் கிடைத்தன. விலை சியோலில் போய் விழுந்தது.

ஷோ தன்னைத் தானே கிண்டல் செய்கிறது என்று யாராவது சொன்னால் அடி யார் முதுகில் விழுகிறது என்று மட்டும் பார்ப்பேன். பூச்சியில் எழுத்தாளர் முதுகிலும் விழுகிறது, முதலாளி முதுகிலும் விழுகிறது, என் முதுகிலும் விழுகிறது. அதனால் வாங்கிக்கொள்ள முடிகிறது.

ரிமோட்_என்_கையில் எழுதியது:

லைட்பாக்ஸ் அண்ணா, பேங்ஸி விஷயம் தெரியாது, நன்றி. ஆனால் பூச்சியை இவ்வளவு உயரத்தில் வைக்காதீர்கள். அதில் காமிக்ஸ் கடைக்காரர் புகார் சொல்லும்போது பார்ட் என்ன பதில் சொல்கிறான்? இத்தனை மணி நேரம் இலவசமாகச் சிரிக்க வைத்திருக்கிறார்கள், அவர்கள் உனக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள், நீதான் அவர்களுக்குக் கடன்பட்டவன் என்கிறான். இலவசமா? நடுவில் வரும் விளம்பரமெல்லாம் யாருக்காக?

அந்த மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பதினோராவது சீசனில் பார்க்கலாம். 2000-ல் வந்த 'சாடில்சோர் கலாக்டிகா'. குடும்பத்துக்கு ஒரு குதிரை கிடைக்கிறது. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு குதிரை வந்து போயிற்றே என்று அதே கடைக்காரர் நினைவுபடுத்துகிறார். 1991-ல் லிசாவுக்கு ஹோமர் வாங்கிக் கொடுத்த குதிரை. அவர் சொன்னது உண்மை! இவர் சொல்வதை யாராவது கண்டுகொள்கிறீர்களா என்று ஹோமர் கேட்க, கூட்டமே இல்லை என்கிறது. பழைய கதையைத் திரும்ப எடுத்துவிட்டு, கேட்கிறவன் வாயை முன்கூட்டியே அடைத்தாயிற்று. சுயகிண்டல் என்ற பெயரில் இது சோம்பேறித்தனத்துக்கு முன்ஜாமீன்.

லைட்பாக்ஸ் எழுதியது:

குதிரை விஷயத்தில் முழுசாக ஒத்துப்போகிறேன். அந்த எபிசோடை எனக்கும் பிடிக்காது. பார்ட் பேச்சில் மட்டும் ஒரு திருத்தம். அவன் அப்படிச் சொன்னதும் கடைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டு மறுபடியும் 'படுமோசமான எபிசோடு' என்றுதான் சொல்கிறார். அசையவே இல்லை. கடைசி வார்த்தையை ரசிகனுக்கே கொடுத்துவிட்டார்கள். எழுத்தாளர் பார்ட் பக்கம்தான் இருந்தார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றவில்லை.

ஜன்னலோர_சீட்டு எழுதியது:

சரி, பூச்சி பார்த்துவிட்டேன். ரூம்மேட்டையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஹோமர் நண்பர்களைக் கூப்பிட்டு வைத்து முதல் ஒளிபரப்பைப் பார்க்கிறானே, முடிந்ததும் ஒருத்தர்கூட வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள், அங்கே இரண்டு பேருமே நெளிந்தோம். லைட்பாக்ஸ் அண்ணா சொன்ன செல் விஷயம் தெரியாமல் பார்த்திருந்தால் அது ஏதோ மட்டமான அனிமேஷன் என்று விட்டிருப்பேன்.

ரயில் எபிசோடு பற்றி என் கருத்து மாறவில்லை. ரூம்மேட் கருத்தும் மாறவில்லை. அடுத்து ஆறாம் சீசனில் 'ஃபுல் மெட்டா ஜாக்ரிக்' பார் என்று ஆரம்பித்திருக்கிறான். அதிலும் அதே ஸ்டோரி லார்டு வருகிறானாம். பார்க்கலாமா, வேண்டாமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டாம்_படி எழுதியது:

பாருங்கள். ஆனால் ரூம்மேட்டிடம் கோபப்பட்டால் இங்கே வந்து திட்டாதீர்கள், ப்ரோ.