சித்தப்பாவுக்கு வந்த கடிதம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

பெரியண்ணா: எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பாவின் மரண சாதனத்தில் நிறைவேற்றுநராக என் பெயர் இருப்பதால், பிரித்தானிய அரசின் ஓய்வூதியப் பகுதியிலிருந்து லண்டனில் அவருடைய வீட்டுக்கு வந்த கடிதத்தை மச்சாள் படமெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். பெரியமாமியின் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடு விற்ற பங்கு 31,000 பவுண் 2017 நவம்பரில் அவருடைய கணக்குக்குப் போனதாம். அதை அவர் அறிவிக்காததால், அன்று முதல் அவர் காலமான 2023 ஆகஸ்ட் வரை 300 வாரங்களுக்கு, வாரம் 42 பவுண் வீதம் 12,600 பவுண் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கு அந்த அரசு கொடுக்கும் உதவிப்பணம்) கூடுதலாகக் கொடுபட்டுவிட்டதாம். ஆட்டைத் திவசத்துக்கு முன் கட்டி முடித்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

சின்னக்கா: அண்ணா, 100ஆம் இலக்க பஸ்ஸில் கண்டக்டர் பத்து ரூபாய் கூடக் கொடுத்தார் என்று அடுத்த நாள் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். மறைத்தார் என்று ஒரு கடிதம் சொன்னதும் நாங்களும் தலையாட்டுவதா?

நான்: 42 பவுண் வந்த வழி எனக்கு விளங்குகிறது. 10,000 பவுண் வரையான சேமிப்பை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் இருப்பதாகக் கொண்டு, அந்தளவைக் கொடுப்பனவில் குறைப்பார்கள். ஆனால் 1992ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிருவாகச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி, பென்ஷன் கிரெடிட் கூடுதலாகக் கொடுபட்டது என்பது மட்டும் போதாது. பெற்றவர் தவறான தகவல் கொடுத்தார் அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். தங்கள் பிழையால் போன பணத்தைப் பொதுச் சட்டத்தை (நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டத்தை) காட்டியும் அறவிட முடியாது என்று பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

பெரியண்ணா: தம்பி, அவர் சொல்லவில்லை என்பதுதானே அவர்களுடைய குற்றச்சாட்டு. காசு வந்தது உண்மை. இங்கிருந்து அனுப்பியவனே நான்.

சின்னக்கா: சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. நான் முப்பது வருடம் ஓய்வூதியக் கோவைகளோடு இருந்தவள். கடைசிக் கடிதத்தை வைத்து ஒரு கோவையையும் தீர்மானிக்கக் கூடாது. மச்சாள், 2012இல் முதன்முதலில் பணம் அனுமதித்த கடிதம் கிடைக்குமா என்று பாருங்கள்.

லண்டன் மச்சாள்: மூன்று பிஸ்கட் டின் நிறையக் கடிதங்கள் இருக்கின்றன. தேடுகிறேன். இங்குள்ள ஆலோசனை நிலையத்திலும் இதையேதான் கேட்டார்கள். 2016 ஏப்ரலுக்கு முன் பலருக்கு 'அசெஸ்ட் இன்கம் பீரியட்', அதாவது மதிப்பிட்ட வருமானக் காலம், என்று ஒரு காலத்தைக் குறித்துக் கொடுத்தார்களாம். அந்தக் காலத்துக்குள் சேமிப்பு கூடினாலும் அறிவிக்க வேண்டியதில்லை. 75 வயதைக் கடந்தவர்களுக்கு முடிவுத் திகதி இல்லாமலே கொடுத்திருக்கிறார்கள். புதிதாகக் கொடுப்பதை நிறுத்திய பிறகும் அவை தொடர்ந்தன.

நான்: சித்தப்பா 1934இல் பிறந்தவர். 2012இல் அவருக்கு 78 வயது.

பெரியண்ணா: சித்தி காலமானது அந்தக் காலத்தைப் பாதிக்காதா?

லண்டன் மச்சாள்: பாதித்திருக்கும் அத்தான், ஆனால் சித்தி 2010இலேயே போய்விட்டார். சித்தப்பா தனியாள் என்றுதான் விண்ணப்பித்தார், கடைசி வரை அதே வீட்டில்தான் இருந்தார்.

நான்: அந்தக் கடிதம் கிடைக்காவிட்டாலும் அவர்களுடைய கணக்கு பிழை. 31,000 பவுண் கடைசி நாள் வரை குறையாமல் இருந்ததாக எடுத்திருக்கிறார்கள். விதிப்படி, கூடுதலாகக் கொடுத்ததை 13 வாரத்துக்கு ஒரு முறை சேமிப்பிலிருந்து கழித்துக்கொண்டு வர வேண்டும். முதல் 13 வாரத்தில் 546 பவுண், கழித்தால் 30,454, அப்போதே வாரக் கணக்கு 41 ஆகிறது. பிறகு அது இறங்கிக்கொண்டே போகும்.

பெரியண்ணா: ஆதனத்தில் பணம் போதாவிட்டால் எங்கள் கையிலிருந்து கட்ட வேண்டி வருமா?

நான்: இல்லை அண்ணா. முதலில் ஈமச் செலவு, பிறகு கடன், மிச்சம்தான் பங்கு. ஆனால் கடன் கோரிக்கை இருப்பது தெரிந்தும் நீங்கள் பங்கைப் பிரித்துக் கொடுத்தால், நிறைவேற்றுநர் என்ற முறையில் நீங்களே பொறுப்பேற்க வேண்டி வரலாம். அதனால் இது முடியும் வரை ஒருவரும் பங்கு கேட்க வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான்.

லண்டன் மச்சாள்: கிடைத்துவிட்டது! இரண்டாவது டின்னில், மின்சார பில்களுக்கு நடுவே. 2012 மே மாதக் கடிதம். 'அசெஸ்ட் இன்கம் பீரியட்' என்று தலைப்பே இருக்கிறது. முடிவுத் திகதி இல்லை என்றும், சேமிப்பில் ஏற்படும் மாற்றத்தைத் தங்களுக்கு அறிவிக்கத் தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். படம் அனுப்புகிறேன்.

சின்னக்கா: சித்தப்பா அந்த வரியின் கீழ் பேனையால் கோடு போட்டிருக்கிறார், பாருங்கள்.

பெரியண்ணா: பார்த்தேன். கட்டிவிடுவோம் என்று அவசரப்பட்டுவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும், தம்பி?

நான்: தீர்மானத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்க வேண்டும், அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய இன்னொரு மாதம் உண்டு. கடிதத்தில் உள்ள திகதியின்படி எங்களுக்குப் பதினொரு நாள்தான் மிச்சம். இன்றிரவே எழுதித் தருகிறேன், நீங்கள் கையொப்பமிட்டால் போதும்.

சின்னக்கா: 2012ஆம் ஆண்டுக் கடிதத்தின் பிரதியை மட்டும் இணையுங்கள். அசல் மச்சாளிடமே இருக்கட்டும். தபாலில் சேர்த்த பற்றுச்சீட்டையும் அதே டின்னில் போட்டு வையுங்கள்.